தொழிலாளர் பொருளியல் படித்தவர் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் மாறி மாறிப் போய்வர முடியுமா?

நீங்கள் கேட்டது இது: தொழிலாளர் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் போகிறீர்கள். சிலர் பேராசிரியராக இருந்துகொண்டே அமைச்சகத்துக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிறார்களே, அது எப்படி அமைகிறது, முதலில் எந்தப் பக்கம் போவது? போகிற போக்கில், வயது 34 ஆகிவிட்டதே, தாமதமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உள்ளே அரிப்பது வேறு என்று தோன்றுகிறது. அரசுக்குள் போனால் ஆய்வாளர் என்ற பெயர் போய்விடுமோ, போகாவிட்டால் எழுதியதெல்லாம் நூலக அலமாரியோடு நின்றுவிடுமோ, இரண்டும் செய்யப் போனால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன், பிறகு நான்கு ஆண்டுகள் தொழிலாளர் துறையின் புள்ளியியல் பிரிவில் அயற்பணி, மறுபடியும் வகுப்பறை. மத்திய வங்கியிலோ பன்னாட்டு அமைப்பிலோ வேலை பார்த்ததில்லை. அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடைபோடுங்கள்.

பொருளியலின் கிளைகளில் அரசு வாசலுக்கு மிக அருகில் இருப்பவற்றில் தொழிலாளர் பொருளியலும் ஒன்று. காரணம் எளியது. கூலி எப்படித் தீர்மானமாகிறது, வேலை போனவர் எத்தனை மாதத்தில் அடுத்த வேலை தேடிக்கொள்கிறார், பயிற்சி கொடுத்தால் வருமானம் கூடுகிறதா, ஓய்வு வயதை உயர்த்தினால் என்ன ஆகும், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு சம்பளம் என்பவைதான் நம் ஆய்வுத் தலைப்புகள். இவை அத்தனையும் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஓர் அமைச்சரின் மேசைக்கு வரும் கேள்விகளும்கூட. அதனால்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் போன்ற ஒருவர் தொழிலாளர் உறவுகளை ஆராய்ந்த பேராசிரியராகத் தொடங்கி, 1955இல் அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுவில் ஊழியராகச் சேர்ந்து, திரும்பி வந்து சிகாகோவில் வணிகக் கல்லூரியின் தலைவராகி, 1969இல் தொழிலாளர் துறை அமைச்சராகவும் பிறகு நிதி, வெளியுறவு அமைச்சராகவும் ஆக முடிந்தது. சந்தைக் கூலியைவிடக் கூடுதலாக முதலாளி ஏன் தருகிறார் என்று ஆராய்ந்த ஜேனட் யெலன், ஆலோசகர் குழு, மத்திய வங்கி, நிதித்துறை மூன்றுக்கும் தலைமை ஏற்ற முதல் ஆள். இவர்களைப் பார்த்து உங்கள் திட்டத்தைப் போடாதீர்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் அமைச்சரின் அறையைப் பார்க்காமலேயே நல்ல வேலை செய்துவிட்டுப் போகிறார்கள்.

நடைமுறையில் பாதைகள் சில உண்டு. ஒன்று, புள்ளியியல் அலுவலகத்திலோ அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவிலோ நிரந்தரப் பணி. பேர் வராது, வேலை நிலைக்கும். இரண்டாவது நீங்கள் குறிப்பிட்ட போக்குவரத்து: பல்கலைக்கழகம் ஊதியமில்லா விடுப்புத் தரும், அரசு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் உருவாக்கிய ஆலோசகர் குழு பெரிதும் இப்படித்தான் ஓடுகிறது, ஊழியர்களில் பலர் ஓரிரு ஆண்டு விடுப்பில் வந்த ஆசிரியர்கள். அங்கே விடுப்பு பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் நீளாது. அதைத் தாண்டினால் நிரந்தரப் பணியை விட வேண்டியிருக்கும், முக்கியமான பலர் சரியாக அந்த நேரத்தில் வேலையைப் பாதியில் விட்டுக் கிளம்புவதன் ரகசியம் இதுதான். மூன்றாவது, ஆணையங்கள். பிரிட்டனின் குறைந்த ஊதிய ஆணையம் 1997இல் தொடங்கியது. ஒன்பது பேர்: முதலாளி தரப்பு மூவர், தொழிலாளர் தரப்பு மூவர், தலைவரையும் சேர்த்து நடுநிலையாளர் மூவர், அதில் பொருளியல் பேராசிரியர்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று முதல் குறைந்தபட்சக் கூலி வந்தது இவர்கள் பரிந்துரையால்தான். வகுப்பை விட்டுவிடாமல் அரசுக்கு உதவ இதைவிட வசதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் 1967 முதல் வேலைவாய்ப்பு முகமையே ஓர் ஆய்வு நிறுவனத்தை வைத்திருக்கிறது. அங்கே இரண்டு உலகமும் ஒரே கட்டடம்.

எந்தப் பாதையானாலும், இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் சரக்கு ஒன்றுதான் என்பது என் அனுபவம்: ஓர் எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருப்பது. கணித மாதிரிகள் பல்கலைக்கழகத்தில் மதிக்கப்படும், அரசில் யாரும் கேட்கமாட்டார்கள். சட்ட நுணுக்கம் அரசில் மதிக்கப்படும், ஆய்விதழ் ஆசிரியருக்கு அது வேண்டாம். வேலையின்மை விகிதம் 0.3 புள்ளி ஏறியது என்றால் அது வேலையின் கதையா, கேள்வித்தாளின் கதையா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை இருவரும் தேடி வருவார்கள்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அயற்பணியின் இரண்டாம் மாதம் கணக்கெடுப்பாளர் ஒருவரோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ஓர் அம்மா, தான் எந்த வேலையும் செய்யவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றார். அவருக்குப் பின்னால் தையல் இயந்திரம், அதன் மேல் வெட்டி அடுக்கிய துணி, வெளியாருக்குத் தைத்துக் கொடுக்க வேண்டியது. கணக்கெடுப்பாளர் தாளை மூடாமல், கடந்த ஏழு நாளில் காசுக்காக ஒரு மணி நேரமாவது ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். வாரத்துக்கு இருபது மணி நேரம் என்று கணக்கு வந்தது. ஒரு கேள்வியின் சொல் மாறியதும் ஒரு பெண் உழைப்பாளர் பட்டியலுக்குள் வந்துவிட்டார். அதுவரை பெண்களின் உழைப்புப் பங்கேற்பு பற்றி நான் இரண்டு கட்டுரை வெளியிட்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன்.

இது என் ஒருவனுடைய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மாதாந்திரக் குடும்பக் கணக்கெடுப்பில் பல பத்தாண்டுகளாக முதல் கேள்வியே, போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்தால், வீட்டு வேலையா என்று கணக்கெடுப்பாளரே எடுத்துக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1994 ஜனவரியில் அந்தக் கேள்வித்தாளை முழுக்க மாற்றினார்கள். அப்போது தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர் கேத்தரின் ஏப்ரகாம், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பொருளியலாளர். 1993 முதல் 2001 வரை அந்தப் பதவியில் இருந்துவிட்டு மேரிலாந்தில் பாடம் சொல்லித்தரப் போனார். உலக அளவில் 2013இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய புள்ளியியலாளர் மாநாடு இன்னும் ஒரு படி போய், கூலிக்காகவோ லாபத்துக்காகவோ செய்வதை மட்டும் வேலைவாய்ப்பு என்றும், தன் வீட்டுக்கே விளைவித்துக்கொள்வதை வேறு வகை உழைப்பு என்றும் பிரித்தது. தன் வயலில் தன் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர் செய்பவர் இந்த வரையறைப்படி வேலைவாய்ப்புக் கணக்கில் வரமாட்டார். நாடுகளை ஒப்பிட்டு ஒருவர் மேடையில் பேசும்போது, எந்த நாடு எந்த வரையறைக்கு மாறிவிட்டது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேச்சு அங்கேயே தணிந்துவிடும்.

அரசுக்குப் போனால் ஆய்வு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு என் பதில் ஓர்லி ஆஷன்ஃபெல்டர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மதிப்பீட்டுப் பிரிவை நடத்தப் போனார். அரசுப் பயிற்சித் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று பார்ப்பது வேலை. பயிற்சிக்கு முன் வருமானம், பின் வருமானம், இரண்டையும் கழித்தால் பலன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதிவேடுகளைப் பார்த்தால், பயிற்சியில் சேர்பவர்களின் வருமானம் சேர்வதற்குச் சற்று முன்பு சரிந்திருக்கிறது. வேலை போனதால்தானே சேர்ந்தார்கள்! அந்தச் சரிவிலிருந்து எப்படியும் கொஞ்சம் மீண்டிருப்பார்கள், அதையும் திட்டத்தின் பலனாக எழுதிக்கொண்டிருந்தோம். 1978இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பள்ளத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய மாணவர் ராபர்ட் லலோண்ட் 1986இல் இன்னும் கடுமையான வேலை செய்தார். குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தின் உண்மையான பலனை வைத்துக்கொண்டு, வழக்கமான புள்ளியியல் முறைகள் அதே விடையைத் தருகின்றனவா என்று சோதித்தார். பெரும்பாலும் தரவில்லை. இன்று எங்கள் துறையில் ஒப்பீட்டுக் குழு (திட்டத்தில் சேராத, மற்றபடி ஒத்த ஆட்கள்) எது என்று கேட்காமல் யாரும் வாய் திறப்பதில்லை என்றால், அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் அரசு அலுவலகம் ஒன்றின் பதிவேட்டில் இருக்கிறது.

டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் செய்ததை நீங்கள் படித்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்ந்தது, பக்கத்து பென்சில்வேனியாவில் உயரவில்லை. இரண்டிலுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். வேலை குறையவில்லை என்று முடிவு வந்தது, 1994இல் வெளியானதும் புயல் கிளம்பியது. தொலைபேசியில் கேட்டு வாங்கிய எண்ணை நம்பலாமா என்று எதிர்த்தரப்பு சம்பளப் பட்டியல்களைக் கொண்டுவந்தது. இவர்கள் 2000இல், முதலாளிகள் அரசுக்கு அனுப்பிய வேலைவாய்ப்புப் பதிவுகளை வைத்துப் பதில் சொன்னார்கள். சண்டை முழுக்க எண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு இருவரும் போன வழி வேறு. கார்ட் அந்தத் தலைப்பையே விட்டு விலகினார், அந்த ஆய்வால் நண்பர்கள் பலரை இழந்ததாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். க்ரூகர் அதே 1994இல் தொழிலாளர் துறையின் தலைமைப் பொருளியலாளராகப் போனார், ஓராண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார், 2009இல் நிதித்துறை, 2011 முதல் 2013 வரை ஆலோசகர் குழுத் தலைவர், மறுபடி பிரின்ஸ்டன். 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு வந்தபோது க்ரூகர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆனால் க்ரூகரிடம் நான் மதிப்பது பதவிகளை அல்ல. அவரும் லாரன்ஸ் கட்ஸும் (இவரும் க்ரூகருக்கு முன் அதே தலைமைப் பொருளியலாளர் பதவியில் இருந்தவர்) 2015இல் சொந்தமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தம், தற்காலிகம், அழைத்தால் போவது என்று பிழைப்பவர்களின் பங்கு 2005இல் 10.7 சதவீதமாக இருந்தது 15.8 ஆகிவிட்டது என்றார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின, மேடை மேடையாக அந்த எண் ஓடியது, நானும் வகுப்பில் எழுதிப்போட்டேன். பிறகு 2017இல் அரசு தன் பழைய கணக்கெடுப்பை மறுபடி நடத்தியபோது கிடைத்தது 10.1. அதாவது உயர்வே இல்லை. 2019 ஜனவரியில் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள்: எங்கள் எண் மிகையாக வந்துவிட்டது, கேள்வி கேட்கத் தேர்ந்த ஆட்களின் மாதிரியில் இருந்த சாய்வும் அந்த ஆண்டின் பலவீனமான வேலைச் சந்தையும் காரணமாக இருக்கலாம், உண்மையான உயர்வு ஒன்றிரண்டு சதவீதப் புள்ளிதான் இருக்கும். தங்கள் புகழ்பெற்ற எண்ணைத் தாங்களே இறக்கிவைத்தார்கள். இதைப் பல்கலைக்கழகத்தில் செய்யலாம். அரசுப் பதவியில் இருக்கும்போது, எங்கள் எண் தவறு என்று எழுத எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருமுறை வாங்க முயன்றிருக்கிறேன். ஐந்து. நான்கு கிடைத்தது.

அன்றாட வேலை எப்படி மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரைக்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்டவனிடம் என் மேலதிகாரி முதல் வாரத்திலேயே, இந்தப் பயிற்சித் திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். நான் மூன்று பக்கம் எழுதினேன், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எச்சரிக்கையோடு. அவர் நடுப்பக்கத்தில் ஓர் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே அனுப்பினார். கோபம் வந்தது. பிறகு நானும் கற்றுக்கொண்டேன்: எச்சரிக்கையை அடிக்குறிப்பில் வைத்தால் காணாமல் போகும், எண்ணுக்குள்ளேயே வைக்க வேண்டும். “12,000” என்று எழுதாமல் “8,000க்கும் 16,000க்கும் நடுவில்” என்று எழுதினால் வட்டமிட அவருக்கு ஒற்றை எண் கிடைக்காது. திரும்பி வந்த பிறகு என் ஆய்வுக் கட்டுரைகளும் சுருங்கின, அதற்காக நான் வருந்தவில்லை. இழப்பும் உண்டு. அந்த நான்கு ஆண்டில் புதிய முறைகள் வந்து என்னைத் தாண்டிப் போய்விட்டன, இன்றுவரை அவற்றில் சிலவற்றை என் மாணவர்களிடம் கேட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆபத்துகளை மறைக்கக் கூடாது. ஜான் டன்லப் ஹார்வர்டில் தொழிலாளர் உறவுகளின் பெரும் பெயர். 1975இல் அமைச்சரானார், கட்டுமானத் தொழிற்சங்கங்களின் மறியல் உரிமை பற்றிய மசோதாவுக்கு அதிபர் ஃபோர்டு கையெழுத்திடுவார் என்ற உறுதியை நம்பிப் பேச்சுவார்த்தை நடத்தினார். அதிபர் 1976 ஜனவரியில் அதை நிராகரித்ததும் பதவி விலகிப் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். திரும்பிப் போக ஓர் இடம் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன், விடுப்பு முறையின் உண்மையான மதிப்பு அதுதான். பீட்டர் டயமண்ட் வேலை தேடுதல் பற்றிய ஆய்வுக்காக 2010இல் நோபல் வாங்கினார், ஆனாலும் மத்திய வங்கியின் ஆளுநர் குழுவுக்கு அவர் பெயரை முன்மொழிந்தபோது தகுந்த அனுபவம் இல்லை என்று செனட்டில் தடுத்தார்கள், 2011இல் விலகிக்கொண்டார். 2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர் எரிகா மெக்கன்டார்ஃபரை அதிபர் நீக்கினார். அன்று வந்த அறிக்கையில் மே, ஜூன் மாதங்களின் வேலை எண்ணிக்கை மொத்தம் 258,000 குறைத்துத் திருத்தப்பட்டிருந்தது. அப்படித் திருத்துவது வழக்கம், முதல் மதிப்பீடு வெளியாகும்போது எல்லா நிறுவனங்களின் பதிலும் வந்திருக்காது, அடுத்த இரண்டு மாதத்தில் வந்து சேருவதைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். எண் பிறக்கும் விதம் தெரியாத இடத்தில், அதைப் பெற்றெடுத்தவர்மேல் பழி விழுகிறது. நீங்கள் புள்ளியியல் பக்கம் போவதானால் இதையும் தெரிந்தே போங்கள்.

இவ்வளவும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதியில்லாதது, நாம் உள்ளே போவதால் கொள்கை மாறுகிறதா என்பது. பயிற்சித் திட்டங்களுக்கு ஒப்பீட்டுக் குழு கேட்கும் நாமே நம் அறிவுரைக்கு ஒப்பீட்டுக் குழு வைத்துக்கொள்ள முடியாது, நான் அங்கே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று காட்ட வழியில்லை. நான் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலானவை ஏற்கனவே எடுத்த முடிவுக்குத் துணையாகத்தான் போயின. தடுத்த தவறுகள் ஒன்றிரண்டு இருக்கும், ஆனால் நடக்காததை யாரிடம் காட்டுவது? உள்ளே போகாமலும் தாக்கம் உண்டு என்பதற்கு கிளாடியா கோல்டின் இருக்கிறார். பழைய பதிவேடுகளைத் தோண்டிப் பெண்களின் உழைப்பை இருநூறு ஆண்டுக்கு அளந்து 2023இல் நோபல் வாங்கினார், அமைச்சர் பதவியோ ஆலோசகர் குழுவோ அந்தக் கதையில் வராது.

வரிசையைப் பொறுத்தவரை என் கருத்து, முடிந்தால் முதலில் பல்கலைக்கழகம். நிரந்தரப் பணி உறுதியாவதற்கு ஆறு ஏழு ஆண்டு பிடிக்கும், அதற்கு முன் நீண்ட விடுப்பு எடுத்தால் கட்டுரைகளை எண்ணிக் கணக்குப் பார்க்கும் குழு அதைக் கருணையோடு பார்க்காது. ஆனால் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை என்பதற்காக ஒப்பந்த விரிவுரையாளராக வருடங்களைக் கடத்துவதைவிடப் புள்ளியியல் அலுவலகத்தில் தொடங்குவது எவ்வளவோ மேல், அங்கிருந்து கட்டுரை எழுதியே ஆசிரியர் பணிக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். எண்ணிக்கையில் குறைவுதான். 34 தாமதமில்லை. நான் அயற்பணிக்குப் போனபோது 41.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவைத் தரவிறக்கி, அறிக்கையில் அச்சிட்ட வேலையின்மை விகிதத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எடைகளைச் (ஒவ்வொரு பதிலும் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்ற எண்) சரியாகப் போட்டால்கூட முதல் தடவை பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் நிரலையும் இணைத்து. எனக்கு அப்படி எழுதிய ஒருவர், எங்கள் அட்டவணையில் ஒரு வயதுப் பிரிவு இரண்டு முறை சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஐந்தாவது கையெழுத்துக்காக நான் அலைந்தது அவருடைய கடிதத்தை வைத்துக்கொண்டுதான். அடுத்த ஆண்டு அவரை எங்கள் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டோம்.